கொம்பு முளைத்த எச்சம்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர் எலுமிச்சைத் தோட்டக்காரர். இன்று கடிபட்ட இலையைக் காட்டினால் போதும், தின்றது எந்தப் பூச்சி என்று சொல்லிவிடுவார். படித்தவர்களே தேடி வந்து கேட்டுக்கொண்டு போகிறார்கள். ஆனால் அவருக்கு நினைக்க நினைக்க இனிப்பது, ஒன்றும் தெரியாமல் விழித்த அந்த முதல் வருடம்தான்.

ஆலை வேலையை உதறிவிட்டு அறுபது கன்று நட்டிருந்தார். அவை பிழைக்காவிட்டால் மறுபடியும் ஆலை வாசலில் போய்க் கைகட்டி நிற்க வேண்டும். துளிர்களோ நாளுக்கு நாள் மொட்டையாகிக்கொண்டிருந்தன. இலைகளின்மேல் கறுப்பும் வெள்ளையுமாகப் பறவை எச்சம்.

“குருவிங்க நெறைய வருது பாரு. புழுவை எல்லாம் அதுங்களே பாத்துக்கும்” என்று மனைவியிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். குருவிகளை யாரும் விரட்டிவிடாதபடி ஒரு வாரம் காவலும் இருந்தார்.

எச்சத்தைத் துடைக்கப் போன மனைவி வீலென்று கத்தினாள். அது தலையைத் தூக்கி இரண்டு சிவப்புக் கொம்புகளை நீட்டியது.

“என்னங்க! உங்க குருவி எச்சத்துக்குக் கொம்பு முளைச்சிருக்கு!”

“அட கண்றாவியே! ஒரு வாரமா இதுக்கா காவல் இருந்தேன்?”

“காவலா? பந்தி வச்சு விருந்துல்ல போட்டிருக்கீங்க!”

அத்தனையும் வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள். இருவரும் இலை இலையாகப் பொறுக்கிச் சோப்புத் தண்ணீர் வாளியில் போட்டார்கள். பத்து நாள் விடாமல் பொறுக்கியதில் ஐம்பத்துமூன்று கன்றுகள் மறுபடி துளிர்த்தன. ஆலைப் பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இப்போது ஆயிரம் மரங்கள், மருந்தடிக்க மோட்டார் எல்லாம் இருக்கின்றன. இருந்தும், முதுகு ஒடிய அவளோடு குனிந்து நடந்த அந்தப் பத்து நாளுக்கு ஈடாக எதையும் அவர் சொல்வதில்லை.