கோபுரம் தெரிகிற பக்கம்

விமானத்தில் நீண்ட தூரம் போகிறவர்களுக்கு எந்த சீட் நல்லது என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடுவார்கள். தூங்க வேண்டுமா, ஜன்னல் ஓரம். எழுந்து நடக்க வேண்டுமா, நடைபாதை ஓரம். இறக்கைக்கு மேலே உட்காராதே, கீழே ஒன்றும் தெரியாது. வால் பக்கம் போகாதே, ஆட்டும். அம்மாவை அமெரிக்காவில் தம்பி வீட்டில் கொண்டுபோய் விடுவதற்கு முன்னால் இவ்வளவையும் கேட்டு வைத்திருந்தேன். அம்மா கேட்டது ஒன்றுதான். விமானம் மேலே ஏறும்போது கோபுரம் தெரிய வேண்டும். இனித் திரும்பி வரப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும்.

கல்யாணம் ஆனதிலிருந்து அவளுக்கு ஸ்ரீரங்கம்தான். பால் வாங்கப் போனாலும் கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் போவாள். அப்பா போன பிறகு தனியாக இருந்தாள். குளியலறையில் வழுக்கி விழுந்தாள். வீட்டை விற்றுவிட்டு அங்கே வரச் சொன்னான் தம்பி. நான் என் வீட்டுக்கு வரச் சொன்னேன். என் வீடு திருச்சியில்தான். காவிரிப் பாலத்தைத் தாண்டினால் வந்துவிடலாம்.

"பொண்ணு வீட்டுல விருந்து சாப்பிடலாம். போய்க் கெடக்கக் கூடாது. நாளைக்கு உன் மாமியா வீட்டு ஆளுங்க பேசுவாங்க."

பேசுவதற்கு அங்கே ஆளே இல்லை. மாமியார் செத்துப் பல வருஷம் ஆகிறது. என் வீட்டுக்காரர் நேரில் போய், "அத்தை, வாங்க. மாடி ரூம் சும்மாதான் கெடக்கு" என்று கூப்பிட்டார். அவருக்குக் காபி போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டாள். மகன் இருக்கும்போது மருமகன் சோற்றில் உட்காரக் கூடாதாம். பாலத்தைத் தாண்ட மாட்டாள், கடலைத் தாண்டுவாள். இந்த வழக்கத்தை எவன் உண்டாக்கினானோ, அவன் என் கையில் கிடைத்தால் சும்மா விட மாட்டேன்.

சீட் போடும்போது சண்டை வந்தது.

"அக்கா, அம்மாவுக்கு நடைபாதை ஓரமாப் போடு" என்றான் தம்பி போனில். "கால் வீங்கும். அடிக்கடி பாத்ரூம் போகணும்."

அவன் சொன்னது சரிதான். அம்மாவுக்குச் சர்க்கரை வேறு.

"நான் எந்திரிக்கவே மாட்டேன்டி" என்றாள் அம்மா. "பஸ்ஸுல மெட்ராஸ் போனப்ப நான் எந்திரிச்சு நீ பாத்திருக்கியா?"

"அது பஸ்ஸும்மா. இது ஒரு நாள் முழுக்க."

"எனக்குத் தெரியும். நீ ஜன்னலைப் போடு."

அவளுக்குத் தெரிந்தது எங்கள் வீட்டுப் பெண்களுக்கெல்லாம் தெரிந்த வித்தை. பயணம் என்றால் முதல் நாளே தண்ணீரை நிறுத்திவிடுவது. வழியில் பஸ் நிற்கிற இடத்தில் பெண்கள் ஒதுங்க இடம் இருக்காது. இருந்தாலும் உள்ளே கால் வைக்க முடியாது. அப்படியே அடக்கிப் பழகிய உடம்பு.

எந்தப் பக்கம் என்று துபாய் போய் வந்த எதிர்வீட்டு அக்காவிடம் கேட்டோம். "இடது பக்கம் போடுங்க. நான் கண்ணாரப் பாத்தேன்" என்றார். இடது பக்கம், இறக்கைக்குப் பின்னால், ஜன்னல் ஓரம் போட்டேன். அதற்கு அடுத்தது எனக்கு. அந்த அக்கா பார்த்தது திரும்பி வந்து இறங்கும்போது என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. காற்று எப்படி அடிக்கிறதோ அதற்கேற்பத்தான் விமானம் கிளம்பும் திசை என்பதும் தெரியாது. ஸ்ரீரங்கத்தில் வடக்கு வாசலும் தெற்கு வாசலும் எங்கேயும் நகர்வதில்லை. இதுவும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டோம்.

ஏர்போர்ட்டில் அவளுக்கு உதடு காய்ந்து வெடித்திருந்தது. பாட்டில் வாங்கிக் கொடுத்தேன். கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"குடிம்மா. மயக்கம் போட்டு விழுந்தா நான் என்ன பண்றது?"

"கத்தாதடி. அப்புறம் ஏத்தாமலே விட்டுருவாங்க."

விமானம் முழுக்க வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்கள். அங்கே இறங்கித்தான் நாங்கள் அமெரிக்கா போகும் விமானத்துக்கு மாற வேண்டும். எங்கள் வரிசையில் நடைபாதை ஓரத்து சீட்டுக்கு மட்டும் ஆள் வரவில்லை. ஓடத் தொடங்கியதுமே அம்மா கைகளைக் கூப்பி நெற்றியைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டாள். கீழே வறண்ட குளங்கள், தகர ஷெட்டுகள், ஒரு கல் குவாரி. வலது பக்கத்தில் சத்தம் கேட்டது.

"அந்தா தெரியுது பாரு, ரங்கநாதர் கோபுரம்."

"எங்க? தள்ளு மாப்ள, உன் மண்டைதான் தெரியுது."

நான் பெல்ட்டைக் கழற்றினேன். "மேடம், உக்காருங்க" என்று பின்னாலிருந்து பணிப்பெண் அதட்டினாள். அவள் வேலை அது. எனக்கு அவளை அறையத் தோன்றியது.

"நம்ம பக்கம் வருமா?" என்றாள் அம்மா. கண்ணை எடுக்கவில்லை.

"வராதும்மா. அது அந்தப் பக்கம் போயிருச்சு."

கூப்பிய கைகளை அவள் உடனே பிரிக்கவில்லை. மேகம் வந்து ஜன்னலை மூடிய பிறகுதான் மடியில் வைத்தாள். பிறகு கைப்பையைத் திறந்து பாட்டிலை எடுத்தாள். மூடியைத் திருக அவளுக்குத் தெம்பு இல்லை. நான் திறந்து கொடுத்தேன். நிறுத்தாமல் குடித்தாள். கழுத்தில் வழிந்து ரவிக்கை நனைந்தது.

காலி பாட்டிலை என்னிடம் நீட்டினாள். பிறகு கேட்டாள்.

"உன் வீட்டு மொட்டை மாடியிலேர்ந்து கோபுரம் தெரியும்ல?"

"தெரியும். சாயங்காலம் லைட்டு போட்டா இன்னும் நல்லாத் தெரியும்."

"ம்."

"திரும்பிருவோம்மா. அங்க எறங்கி அடுத்த பிளேனைப் புடிப்போம். தம்பிகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

அவள் என்னைப் பார்த்தாள். அவளுக்கு வர ஆசை. முகத்தில் நன்றாகவே தெரிந்தது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அவன் என்னடி நெனைப்பான்" என்றாள். "பெத்த மகன் இருக்கான்ல."

அத்தோடு முடிந்தது. கொஞ்ச நேரத்தில் பாத்ரூம் போக வேண்டும் என்றாள். கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் வந்தேன். திரும்பியதும் நடைபாதை ஓரத்துக் காலி சீட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நீ உள்ள போ. எனக்கு இதுவே போதும்."

ஜன்னல் ஓரத்தில் நான் உட்கார்ந்தேன். கீழே கடல் வந்துவிட்டிருந்தது. அவளுக்குக் கேட்காதபடி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதேன்.