உங்கள் நம்பருக்கு நீங்களே அடித்துப் பாருங்கள்

வருஷத்துக்கு ஒரு முறை, கல்லூரி ரிசல்ட் வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாந்தோமில் எங்கள் பங்குக் கோயிலின் பின்பக்க ஹாலில் நான் பேசுவேன். காலைப் பூசை முடிந்து, சம்சா சாப்பிட்ட கையோடு, புதிதாகப் பட்டம் வாங்கிய நாற்பது ஐம்பது பேர் வந்து உட்கார்வார்கள். வேலைக்கு ஆள் எடுப்பதுதான் அடையாற்றில் ஓர் அலுவலகத்தில் என் பிழைப்பு. அதனால் பங்குத்தந்தை என்னைப் பிடித்துக்கொண்டார்.

என்ன பேசுவேன்? எல்லோருக்கும் தெரிந்ததைத்தான். பயோடேட்டா என்பது கல்யாண ஜாதகம் இல்லை. உயரம், நிறம், அப்பாவின் உத்தியோகம் எல்லாம் அதில் வேண்டாம். பள்ளிக்கூடத்தில் விளையாட்டாகத் தொடங்கிய இமெயில் முகவரியைத் தூக்கிப் போட்டுவிட்டு உங்கள் பெயரில் ஒன்று தொடங்குங்கள். வேலைக்கு முன்பணம் கேட்கிறவன் எவனாக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் காட்டுங்கள், கொடுத்துவிட்டு வராதீர்கள். வெறும் வயிற்றோடு இன்டர்வியூவுக்குப் போகாதீர்கள், இரண்டு இட்லியாவது சாப்பிடுங்கள். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் எடுங்கள். பத்தில் ஒன்பது கிரெடிட் கார்டுக்காரனாக இருக்கும், இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று செய்யச் சொல்வேன். பக்கத்தில் இருப்பவரோடு பயோடேட்டாவை மாற்றிக்கொள்ளுங்கள், அதில் இருக்கும் நம்பருக்கு அடியுங்கள், எடுக்கிறவரிடம் அதில் இருக்கும் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ஹால் முழுக்க ஒரே நேரத்தில் போன்கள் அலறும். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பங்குத்தந்தைக்குக்கூட அது பெரிய வேடிக்கை. நான் மட்டும் சிரித்தது கிடையாது.

அந்த விஷயத்துக்கு வருகிறேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் நானும் என் சிநேகிதியும் ஒன்றாகப் பட்டம் வாங்கினோம். மூன்று வருஷம் ஒரே பெஞ்சு. அவள் வீடு ஆதம்பாக்கத்தில். அப்பா தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், தி. நகரில் ஒரு பாத்திரக்கடையில் மேற்பார்வை. நல்ல மனுஷர், ஆனால் சொன்னால் சொன்னதுதான். ஊரில் முறைப்பையன் ஒருவனைப் பார்த்து வைத்திருந்தார். “ஆடி முடியுறதுக்குள்ள வேலை கிடைச்சா கல்யாணப் பேச்சே எடுக்க மாட்டேன்னு அப்பா சொல்லிட்டார்டி. இல்லைன்னா ஆவணியில நாள் குறிச்சிருவார்,” என்றாள். அவளுக்கு வேலை வேண்டும், மேலே படிக்க வேண்டும், இந்த ஊரிலேயே இருக்க வேண்டும். அவ்வளவும் அந்த ஒரு மாதத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கும் நெருக்கடிதான். அம்மா பள்ளிக்கூடத்தில் டீச்சர், அந்த வருஷத்தோடு ஓய்வு. ஆனால் எனக்கு யாரும் நாள் குறிக்கவில்லை.

மந்தைவெளி பஸ் டிப்போ பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. பயோடேட்டா அடித்துத் தரச் சொல்லி இரண்டு பேரும் சேர்ந்து போனோம். கடைக்காரர் முதலில் என்னுடையதை அடித்தார். அடுத்து அவளுடையதற்கு ஏன் புதிதாக அடிக்க வேண்டும்?

“இன்னாமா, ஒரே காலேஜி, ஒரே படிப்பு. உன் ஃபைலுதான் ரெடியா கீதே. பேரு, மார்க்கு, அட்ரஸ மாத்திட்டா ஆச்சு,” என்று என் பெயர் இருந்த இடத்தில் அவள் பெயரை அடித்தார்.

அவள் கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு பேப்பரைச் சரிபார்த்தாள். பெயரில் எழுத்து சரியா, மார்க் சரியா, கதவு எண் சரியா என்று மூன்று முறை பார்த்தாள். நம்பரை யார் பார்க்கிறார்கள்? தன் போன் நம்பரைத் தானே பார்த்துப் படிக்கிறவர் யாரும் இல்லை. ஆளுக்கு இருபது பிரதி எடுத்துக்கொண்டோம்.

தி. நகரில் ஒரு மாடி அலுவலகத்தில் நேர்முகத் தேர்வு என்று கண்டுபிடித்தது நான்தான். அவளைக் கூட்டிக்கொண்டு போனதும் நான்தான். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், அப்புறம் நடந்ததற்கு இதுதான் எனக்கு இருந்த ஒரே சாக்கு. அவள் உள்ளே போய்விட்டு அரை மணி நேரம் கழித்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். நான் ஏழு நிமிஷத்தில் வந்துவிட்டேன்.

நாலு நாள் கழித்து, மத்தியானம், லஸ் முனையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். லேண்ட்லைன் நம்பரிலிருந்து போன். அந்த அலுவலகத்துக் குரல். மாதாவே, கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். அந்த மனுஷர் என் சிநேகிதியின் பெயரைச் சொல்லி, “பேசுறது அவங்கதானே? திங்கக்கிழமை ஒரிஜினல்ஸோட வந்துருங்கம்மா, செலக்ட் ஆயிட்டீங்க,” என்றார்.

நான், “ராங் நம்பர் சார்,” என்றேன்.

நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அது அவள் நம்பர் இல்லை. தவறான நம்பர்தான். “சாரிம்மா,” என்று அவர் வைத்துவிட்டார். அதற்குள் என் பஸ் வந்துவிட்டது, ஏறி உட்கார்ந்தேன், ஜன்னலோரம் இடம்கூடக் கிடைத்தது.

வேண்டுமென்றே செய்தாயா என்று கேட்டால், ஆமாம். பொறாமை. சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. என்னால் வந்தவளுக்குக் கிடைத்து எனக்குக் கிடைக்கவில்லையே என்ற எரிச்சல் வாய்க்கு வந்துவிட்டது. ஆனால் அந்த நிமிஷத்தைக்கூட நான் மன்னித்துவிடுவேன். அதற்குப் பிறகு மூன்று நாள் இருந்தது. அந்த அலுவலகத்து நம்பர் என் போனில் இருந்தது. அவள் நம்பர் எனக்கு மனப்பாடம். தினமும் அவளே கூப்பிட்டு, “ஏதாவது போன் வந்துச்சாடி?” என்று கேட்டாள். “இல்லடி,” என்றேன். அதுதான் பொய்.

திங்கட்கிழமை அதே குரல் மறுபடி கூப்பிட்டது. இந்த முறை என் பெயர். அவளுக்கு அடுத்த இடத்தில் நான் இருந்திருக்கிறேன். ஒரே நம்பருக்கு இரண்டு முறை அடித்திருக்கிறோமே என்று அவருக்குத் தோன்றவே இல்லை. இப்போது அந்த நாற்காலியில் நானே உட்கார்ந்திருப்பதால் எனக்குத் தெரியும், தோன்றாது. ஒரு நாளைக்கு நூறு நம்பர். ராங் நம்பர் என்றால் பேனாவால் ஒரு கோடு, அடுத்த பெயர். முகவரி என்று ஒன்று பேப்பரில் இருக்கிறதே என்று யாரும் மெனக்கெடுவதில்லை. நான் மட்டும் மெனக்கெடுகிறேன். ராங் நம்பர் என்று யாராவது சொன்னால் அந்தப் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு சாயங்காலம்வரை ஆளைத் தேடுவேன். பக்கத்து சீட்டில் என்னைக் கிறுக்கி என்கிறார்கள்.

எனக்கு வேலை கிடைத்தது தெரிந்ததும் அவள் ஆதம்பாக்கத்திலிருந்து அல்வா வாங்கிக்கொண்டு வந்தாள். எங்கள் வீட்டு சமையலறையில் நின்றுகொண்டு என் அம்மா வாயில் ஊட்டினாள். எனக்கும் ஊட்டினாள். விழுங்கினேன்.

அதோடு போயிற்றா என்றால் இல்லை. அவள் அந்தப் பிரதிகளை வேறு இடங்களிலும் கொடுத்திருந்தாள். நான் வேலையில் சேர்ந்த மாதத்தில் இரண்டு முறை தெரியாத லேண்ட்லைனிலிருந்து போன் வந்தது. எடுக்கவில்லை. எடுத்தால் யார் பெயரைச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். மணி அடித்து ஓய்கிறவரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆடி முடிந்தது. ஆவணியில் அவள் பத்திரிகை வைக்க என் அலுவலகத்துக்கே வந்தாள். அவளுக்குக் கிடைத்திருக்க வேண்டிய மேஜையின் மறுபக்கம் உட்கார்ந்து, மஞ்சள் தடவிய பத்திரிகையை நீட்டினாள். தூத்துக்குடியில் கல்யாணம், அங்கேயே குடித்தனம். பேச்சுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, “புது இடத்துக்குப் போறே, என் நம்பரை எங்கயாவது எழுதி வச்சுக்கோ,” என்றேன்.

அவள் எழுந்து கைப்பையை மாட்டிக்கொண்டாள். “எழுதிவைக்க வேணாம்டி. எங்கிட்ட பதிமூணு பேப்பர்ல இருக்கு,” என்றாள். சிரித்தாள். வழக்கமான சிரிப்புதான். படியிறங்கிப் போய்விட்டாள்.

நம்பரை மட்டும் கண்டுபிடித்தாளா, அந்த போனையும் கண்டுபிடித்துவிட்டாளா? ஆறு வருஷமாக இதுதான் என்னைத் தின்கிறது. நான் கல்யாணத்துக்குப் போகவில்லை. அவளும் கூப்பிடவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்கு அது மணியாகவே அடிக்கும். பூசையில் முழங்காலிட்டிருக்கும்போது பைக்குள் போன் அடிப்பதாகக் கேட்கும், எடுத்துப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. உஸ்மான் சாலைக் கூட்டத்தில் கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொள்ளும் பெண் யாரைப் பார்த்தாலும் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவேன். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் மூன்று முறை சொல்ல முயன்று, அம்மாவிடம் எரிந்து விழுந்தேன் என்பதோடு முடித்துக்கொண்டு எழுந்தேன். நம்பரை மாற்றிவிடலாம் என்று நினைக்காத மாதமில்லை. மாற்றவில்லை. அவள் என்றைக்காவது அடித்தால் வேறு யாரோ எடுத்து ராங் நம்பர் என்று சொல்லிவிடக் கூடாது.

இந்த வருஷக் கூட்டத்துக்கு முன்னால், பிள்ளைகள் பார்த்துச் செய்துகொள்ளட்டும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு மாதிரி பயோடேட்டா அனுப்பியிருந்தேன். என்னுடைய பழையதுதான். பெயரையும் முகவரியையும் எடுத்துவிட்டு அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் பேசினேன், வழக்கம்போல் மாற்றிக்கொள்ளச் சொன்னேன், வழக்கம்போல் ஹால் அலறியது. அதற்கு நடுவில் என் பையும் அலறியது.

இரண்டாவது வரிசையில் ஒரு பெண் காதில் போனோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மடியில் இருந்தது பக்கத்துப் பெண்ணின் பயோடேட்டா. அந்தப் பக்கத்துப் பெண் என் மாதிரியை அப்படியே எடுத்து, காலியாக இருந்த இடத்தில் மட்டும் தன் பெயரையும் முகவரியையும் அடித்திருக்கிறாள். நம்பரை நான் எடுக்க மறந்திருந்தேன். வருஷா வருஷம் ஊருக்கு உபதேசம் செய்கிற நான்.

எடுத்தேன். நான் சொல்லிக்கொடுத்தபடியே போனில் இருந்த பெண் மரியாதையாக, “வணக்கம், அவங்ககிட்ட பேசலாமா?” என்று பக்கத்துப் பெண்ணின் பெயரைச் சொல்லிக் கேட்டாள்.

“ராங் நம்பர்மா,” என்றேன்.

என்னை அறியாமல்தான் வந்தது. ஆறு வருஷத்துக்கு முந்தைய அதே குரலில், அதே வேகத்தில் வந்தது. ஹாலே சிரித்தது. நம்பர் தவறிப்போன பெண் வாயைப் பொத்திக்கொண்டு, “ஐயோ மிஸ், நல்லவேளை, இங்கயே தெரிஞ்சுது,” என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “மாத்திடும்மா, இன்னைக்கே மாத்திடு,” என்றேன். பங்குத்தந்தை நன்றி சொல்லி முடித்துவைத்தார்.

வீட்டுக்கு வந்து பீரோவில் அந்தக் கல்யாணப் பத்திரிகையைத் தேடி எடுத்தேன். மஞ்சள் வெளுத்திருந்தது. அடியில் அவள் அப்பாவின் நம்பர். அவருக்குத் தெரிந்திருந்தால் என்ன சொல்வார், தெரியாவிட்டால் நான் எங்கிருந்து தொடங்குவேன் என்று யோசித்தால் அடிக்கவே மாட்டேன் என்று தெரியும். அதனால் யோசிக்காமல் அடித்தேன்.

அவர்தான் எடுத்தார். பெயரைச் சொன்னேன், காலேஜில் கூடப் படித்தவள் என்றேன், உங்கள் பெண்ணிடம் ஒரு விஷயம் பேச வேண்டும், அவள் நம்பர் கிடைக்குமா என்று கேட்டேன். எத்தனை வருஷம் கழித்து என்று கேட்பார் என நினைத்தேன். கேட்கவில்லை.

“பிள்ளைக்கு லீவுன்னு வந்திருக்காம்மா, இந்தா பக்கத்துலதான் இருக்கா. குடுக்கேன், ஒரு நிமிஷம் இரு,” என்றார்.

அவ்வளவுதான். நான் அன்றைக்கு லஸ் முனையில் சொல்லியிருக்க வேண்டியதும் அவ்வளவுதான். போன் கை மாறும் சத்தம் கேட்டது.

“யாருப்பா?” என்று அவள் கேட்டாள்.