மைக்கம்மாவின் தொண்டையும் மாஸ்டரின் டேப்பும்

பேருந்து நிலையத்தில் அவளை எல்லோருக்கும் தெரியும். ஆனால் நேரில் பார்த்தவர்கள் குறைவு. எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எது தாமதம், எந்தக் குழந்தை அம்மாவைக் காணோம் என்று அழுகிறது என்றெல்லாம் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து மைக்கில் சொல்கிறவள். டிரைவர்கள் வைத்த பெயர் மைக்கம்மா. அவள் குரல் கேட்டால் தூங்குகிறவன்கூட மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். அந்தக் குரலைத்தான் அவள் புருஷன் மாஸ்டர் டேப் போட்டு ஒட்டிவிட்டார்.

கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, அதுதான் கொடுமை. மாஸ்டர் கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர். ஈரப் பெயிண்டில் ஒரு தூசி உட்கார்ந்தால் போதும், முழுக் கதவையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முதலிலிருந்து அடிக்க வேண்டும். அதனால் தூசி என்றால் மனிதருக்கு ஜென்மப் பகை. போன வருஷம் தெருவைத் தோண்டிப் போட்டிருந்தபோது அவளுக்கு லேசாக இருமல் வந்தது. "உன் தொண்டைதானே நம்ம சொத்து" என்று சொல்லி, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எல்லா ஜன்னல்களையும் சாத்தி, இடுக்கு விடாமல் பட்டறை டேப்பை ஒட்டினார். வாசல் கதவுக்குக் கீழே ரப்பர் பட்டை அடித்தார். சமையலறைச் சுவரின் உச்சியில் இருந்த காற்றுத் துளைகளையும் விடவில்லை. பட்டி பூசி, தேய்த்து, மேலே பெயிண்டும் அடித்துவிட்டார். வேலை படு சுத்தம். எறும்புகூட உள்ளே வர முடியாது.

தெரு போட்டு முடிந்து பல மாதம் ஆகிவிட்டது. டேப் மட்டும் அப்படியே இருந்தது. சமைக்கிற ஆவி, குளிக்கிற ஆவி, கூடத்தில் கயிறு கட்டிக் காயப்போட்ட துணியின் ஈரம் எல்லாம் வெளியே போக வழியில்லாமல் வீட்டுக்குள்ளேயே குடித்தனம் நடத்தின. அலமாரிக்குப் பின்னால் சுவரில் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சை பூத்தது. துடைத்தால் அடுத்த வாரமே திரும்பி வந்தது. தலையணையில்கூட அந்த வாடை. காலையில் எழுந்தால் தொண்டைக்குள் கம்பளியைத் திணித்த மாதிரி இருக்கும் அவளுக்கு. பேருந்து நிலையத்துப் புகையிலும் புழுதியிலும் மதியம் வரை உட்கார்ந்தால்தான் கொஞ்சம் திறக்கும். புழுதியில் திறக்கிற தொண்டை வீட்டில் அடைத்துக்கொள்கிறதென்றால் கோளாறு எங்கே இருக்கிறது? சின்னக் குழந்தைக்குக்கூடப் புரியும். மாஸ்டர் காதில் ஏறினால்தானே!

"ஜன்னலைத் தொறங்க. மூச்சு முட்டுது."

"தொறந்தா தூசி வரும். அப்புறம் இருமுதுன்னு என்கிட்டதான் வந்து நிப்ப."

"இப்ப மட்டும் என்ன, பாட்டா வருது?"

போன வாரம் வண்டி எண்ணைச் சொல்லும்போது அவள் குரல் பாதியில் உடைந்தது. ஒரு கூட்டமே தப்பான பேருந்தில் ஏறி உட்கார்ந்துவிட்டது. மேலாளர் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனிதர்தான், ஆனால் சொல்ல வேண்டியதைச் சொன்னார். "மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேம்மா. சரியாகலைன்னா பார்சல் பிரிவுக்குப் போயிடு. அங்க தொண்டைக்கு வேலையில்ல."

கல்யாணத்துக்கு முன்னாலிருந்து மைக் பிடித்தவள் இனி மூட்டைகளுக்குச் சீட்டு ஒட்ட வேண்டும். வீட்டுக்கு வந்து அழுதாள். அழுது முடித்து, புருஷனைப் பார்த்துக் கத்தப் பார்த்தாள். கத்தவும் வரவில்லை.

மாஸ்டருக்கு மனசு தாங்கவில்லை. மறுநாளே ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனை வாங்கி வந்து, சமையலறைச் சுவரை உடைத்து மாட்டினார். "இனிமே பாரு, கெட்ட காத்தெல்லாம் ஒரே இழுப்புல வெளிய போயிடும்."

சுவிட்சைப் போட்டதும் ஃபேன் மாவு மில் மாதிரி அலறியது. அடுப்புப் புகை நின்ற இடத்திலேயே நின்றது. குளியலறைத் தண்ணீர் போகிற துளையில் களக் களக்கென்று ஒரு சத்தம். அதன் பின்னாலேயே நாற்றம்.

"காத்து வருதுல்ல?" என்றார் மாஸ்டர், மூக்கைப் பொத்திக்கொண்டு.

"வருது. சாக்கடையிலேர்ந்து வருது."

"ஃபேன் பத்தல. பெருசா போட்டுடலாம்."

பெரிதாகப் போட்டார். நாற்றமும் பெரிதாக வந்தது. உடனே அந்தத் துளைக்கும் டேப் ஒட்டினார். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். வேறென்ன செய்வாள்?

இரண்டு நாள் கழித்து, வீட்டுச் சாவியை அவர் தன் பையிலேயே போட்டுக்கொண்டு போய்விட்டதால், அதை வாங்கப் பட்டறைக்குப் போனாள். பெயிண்ட் அடிக்கிற அறைக்குள் வண்ணப் புகை கலையாமல் தொங்கியது. மாஸ்டர் தன்னோடு வேலை செய்கிறவரை உண்டு இல்லை என்று பண்ணிக்கொண்டிருந்தார்.

"மேல ஃபில்டர் அடைச்சுக் கெடக்கு, பாக்க மாட்டியா? உள்ள வர வழியில்லாம ஃபேன் எதைய்யா இழுக்கும்? ஒரு பக்கம் வந்தாத்தானே மறுபக்கம் போகும்! இதுகூடத் தெரியாம எத்தனை வருஷமாய்யா வேலை பாக்கற?"

வாசலில் நின்றவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அத்தனை மாத எரிச்சலையும் சேர்த்து வைத்து "என்னங்க!" என்று கத்தினாள். வெறும் காற்றுதான் வந்தது. பேருந்து நிலையத்தையே திரும்பிப் பார்க்க வைத்த குரலுக்கு, கைக்கெட்டும் தூரத்தில் நின்ற புருஷன் திரும்பவில்லை. அவளுக்கு முதல்முறையாகப் பயம் வந்தது.

போய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். மேலே இருந்த ஃபில்டரைக் காட்டினாள். அவரைக் காட்டினாள். பிறகு தன் தொண்டையைக் காட்டினாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

மாஸ்டர் முகமூடியை இறக்கினார். ஃபில்டரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"என்ன மாஸ்டர், அண்ணி என்ன சொல்றாங்க?" என்றார் திட்டு வாங்கியவர்.

"நான் சொன்னதைத்தான்யா சொல்றா."

அன்றைக்குச் சாயங்காலமே டேப்பையெல்லாம் கிழித்தார். ஜன்னல் சட்டத்துப் பெயிண்டும் கூடவே உரிந்து வந்தது. பெயிண்டருக்கு அதைவிடத் தண்டனை உண்டா? முனகாமல் உரித்தார். தான் பூசிய பட்டியைத் தானே உளியால் கொத்தி, துளைகளைத் திறந்தார். அலமாரியைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டு, பூஞ்சையைத் தேய்த்து எடுத்தார். துணிக் கயிறு மொட்டை மாடிக்குப் போனது. தெருப்பக்கத்து ஜன்னலுக்கு மட்டும் பட்டறை ஃபில்டர் துணி கொஞ்சம் மாட்டிக்கொண்டார். ஆசைக்கு இருக்கட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள். ஃபேனைப் போட்டதும் திரைச்சீலை அசைந்தது, புகை சாய்ந்துகொண்டு வெளியே போனது.

மாசக் கடைசிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. மேலாளர் தினமும் கூண்டுப் பக்கம் வந்து காது கொடுத்துக் கேட்டுவிட்டுப் போனார். தேறுகிறதா இல்லையா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

அப்படி ஒரு காலையில், லாரி ஒன்று தெருவில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. பழக்கதோஷம், மாஸ்டர் எழுந்து போய் ஜன்னலைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

"யாரைக் கேட்டு ஜன்னலைச் சாத்தினீங்க!"

கீழ் வீட்டுக்காரர் பல் தேய்ப்பதை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார். எதிர்ப்பக்கம் பேருந்துக்குக் காத்திருந்த கூட்டம் மொத்தமாகத் திரும்பியது. ஒருவர் பையைக்கூடத் தூக்கிக்கொண்டார். மாஸ்டர் தாழ்ப்பாளில் வைத்த கையை எடுக்காமல் அப்படியே நின்றார்.

"இன்னொரு தடவை சொல்லு."

"என்னத்தை?"

"எதையாவது. திட்டேன்."

அவள் தொண்டையில் கை வைத்துப் பார்த்தாள். அப்புறம், ஒரு வருஷமாகத் திட்ட முடியாமல் போனதையெல்லாம் வரிசையாக, இடையில் மூச்சு வாங்காமல், தெருவுக்கே கேட்கும்படித் திட்டித் தீர்த்தாள். மாஸ்டர் ஜன்னலை அகலத் திறந்து வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்று கேட்டார்.