பாய் போட்ட 786

தர்மபுரி மாம்பழக்கூழ் ஆலையில் டப்பா லேபிள் அச்சிடும் புரோகிராமை எழுதிய மேதாவி நான்தான். லேபிள் அளவுகள் தனிக் கோப்பில் இருந்தன. அதைப் படிக்க யாரோ எழுதிவைத்த ஆயத்த நிரல், லைப்ரரி, பிளாப்பியில் கிடந்தும், கெத்தாக நானே எழுதினேன்: முதல் வரி என்றால் லேபிளின் நீளம்.

லாரி வாசலில் காத்திருக்க, பிரிண்டர் வெற்றுத்தாளாகக் கக்கியது. என் வேலை போச்சு என்று கோப்பைத் திறந்தால், முதல் வரியில் 786. எதை எழுதினாலும் தலைப்பில் அதைப் போடும் முதலாளி பாய், அளவை மாற்றும்போது இதிலும் போட்டிருக்கிறார்; என் புரோகிராம் அதையே லேபிளின் நீளமாக எடுத்துக்கொண்டது.

"அதை எடுத்துரணுங்களா தம்பி?" அவர் முகம் வாடியது.

அவசரமாக லைப்ரரியைச் சேர்த்தேன். அது எத்தனையாவது வரி என்று பார்க்காமல், 'நீளம்' என்ற பெயரைப் பார்த்தே அளவை எடுக்கும். அரைப்புள்ளியில் தொடங்கும் வரியைத் தாண்டிவிடும். 786-க்கு முன் ஓர் அரைப்புள்ளி வைத்தேன். லேபிள் வந்தது, எனக்கு மூச்சும் வந்தது.

"வேணாங்க பாய், நான் எழுதினதைத்தான் எடுத்துட்டேன்."

இன்றும் என் கோப்புகளில் முதல் வரி ;786தான். என் நெற்றியில் திருநீறு இருந்தால் என்ன?