பன்னிரண்டு ஏர்பேக், ஒரு நெற்றி

வண்டி வாங்குவதற்கு முன்பே, அந்த வண்டியின் பம்பரில் மாட்டும் காவல் கம்பி வந்து சேர்ந்த வீடு மும்பை செம்பூரிலேயே எங்கள் வீடாகத்தான் இருக்கும்!

போன ஞாயிறு சர்ச் முடிந்து வந்து உட்காருகிறோம். வாசலில் டெம்போ சத்தம். என் மனைவி ஸ்டெல்லாவின் அண்ணன் ஜெபராஜ் — தாராவியில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் என் மச்சான் — மூச்சு வாங்க ஒரு ஸ்டீல் கம்பியை இறக்கிக்கொண்டிருந்தார். பாலிஷ் போட்டுப் பளபளவென்று இருந்தது.

“மாப்ள, கம்பி ரெடி. இனி வண்டிதான் பாக்கி!”

எந்த வண்டி? அதுதானே இரண்டு மாதமாக என் தலையைத் தின்கிற கேள்வி.

கொஞ்சம் பின்னால் போகிறேன். ஆறு வருடத்துக்கு முன், கிறிஸ்துமஸுக்கு மச்சானின் காரில் ஊருக்குப் புறப்பட்டோம். அவர் ஓட்டினார். ஸ்டெல்லா முன் சீட்டில். நான் பின்னால் குறட்டை. கோலாப்பூர் தாண்டியதும் முன்னால் போன லாரி சட்டென்று நின்றது... மச்சான் பிரேக் அடித்தும் முட்டிவிட்டது. ஸ்டெல்லாவுக்கு நெற்றியில் ஏழு தையல். பெல்ட் போட்டிருந்தும் இந்தக் கதி! சொந்தபந்தம் மொத்தமும் மச்சானை ஏசித் தீர்த்தது. அன்றோடு அவர் ஹைவேயில் ஓட்டுவதை விட்டார். இவள் முன் சீட்டை விட்டாள்.

பெல்ட்டே காப்பாற்றவில்லை என்றால், வேறு எதுதான் காப்பாற்றும்? இந்தக் கேள்வியோடுதான் நான் எஸ்.யூ.வி பார்க்கக் கிளம்பினேன். அவள் பயமில்லாமல் என் பக்கத்தில் உட்கார வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

காட்கோபர் ஷோரூமில் சிவப்பு வண்டி. செம்பூர் ஷோரூமில் வெள்ளை வண்டி. இதில் ஆறு ஏர்பேக். அதிலும் ஆறு. இதற்கு ஐந்து ஸ்டார். அதற்கும் ஐந்து ஸ்டார் — ஆனால் பெரியவர்களுக்கு மட்டும், குழந்தைகளுக்கு நாலுதானாம். வண்டிக்கு ஸ்டாரா, ஆளுக்கு ஸ்டாரா? கேட்டால் இரண்டு இடத்திலும் ஒரே பதில்: “சாப், ஏக்தம் சேஃப்!” முழுப் பாதுகாப்பாம்.

வெள்ளை வண்டி, கோடு தாண்டினால் தானே ஸ்டீயரிங்கைத் திருப்புமாம். நம் சயான் சர்க்கிளில் கோடு எங்கே இருக்கிறது? சிவப்பு வண்டி, யாராவது குறுக்கே வந்தால் தானே பிரேக் போடுமாம். அப்படியானால் எந்நேரமும் ஜனம் குறுக்கே நடக்கும் தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் போன வண்டி என்றைக்கு வீடு வந்து சேரும்?

விடவில்லை நான். எக்ஸெல் ஷீட் போட்டு டிக் அடித்தேன். குழந்தை சீட் மாட்டும் கொக்கிக்குக்கூட ஒரு டிக் — எங்கள் பையன் காலேஜ் முடிக்கப்போகிறான்! கடைசியில் கூட்டினால் சிவப்புக்குப் பதினேழு. வெள்ளைக்கும் பதினேழு.

மச்சானுக்கு இந்தக் குழப்பமே இல்லை. இஞ்ச் டேப்போடு இரண்டு ஷோரூமுக்கும் போய் பம்பரை அளந்திருக்கிறார். சிவப்பு வண்டிக்கு ‘மூஞ்சி நல்லா இருந்துச்சாம்’. அதன் அளவுக்கு அடித்துவிட்டார்.

நான் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். இந்த மாதிரி கம்பி மாட்டக் கூடாது. போலீஸ் பிடிக்கும். அதைவிட, மோதலைக் கண்டுபிடிக்கிற சென்சார் ஏமாந்து, ஏர்பேக் நேரத்துக்கு விரியாமல் போகலாம்.

“அப்ப பலூனக் கழத்திருவோம். இரும்ப விட்டுட்டு காத்தயா நம்புதிய?”

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. கம்பியைத் தடவியபடியே சொன்னார். “எந்தங்கச்சி மூஞ்சில இன்னொரு தையல் விழப்பிடாது மாப்ள. அன்னைக்கி விழுந்தது என்னாலதான.”

டீயோடு வந்த ஸ்டெல்லா அப்படியே நின்றுவிட்டாள்.

“அண்ணே... நான் அன்னைக்கி பெல்ட் போடல.”

“போட்டிருந்தியே! போடலைன்னா வண்டி கீகீன்னு கத்துமேட்டி?”

“கத்தாம இருக்கத்தான், பெல்ட்ட முதுகுக்குப் பின்னால விட்டு மாட்டிக்கிட்டேன். கழுத்துல உறுத்திக்கிட்டே இருந்துச்சி. எல்லாரும் ஒன்ன ஏசும்போது சொல்லப் பயமா இருந்துச்சிண்ணே. பொறவு சொல்ல முடியாமலே போச்சி. முன் சீட்டப் பாத்தாலே அதான் ஞாபகம் வருது.”

எனக்கு வந்தது கோபமா, பரிதாபமா? அதுவும் விளங்கவில்லை. ஆறு வருடம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, முன் சீட் என்றால் அவளுக்கு வெறும் பயம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேனே!

“ஆறு வருசம்ட்டி...” என்றார் மச்சான். அவ்வளவுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டார். டீயைக் குடித்து முடித்ததும், கம்பியைத் திரும்ப டெம்போவில் ஏற்ற என்னைக் கை கொடுக்கச் சொன்னார். ஏறி உட்கார்ந்த பிறகு, என்னைப் பார்க்காமல் சொன்னார்:

“எந்த வண்டின்னாலும் வாங்குங்க மாப்ள. கோலாப்பூர் தாண்டுத வரைக்கும் நாந்தான் ஓட்டுவேன்.”

சிவப்பா, வெள்ளையா? இன்னும் முடிவாகவில்லை. ஒன்று மட்டும் தெரிந்துகொண்டேன் — பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் மாட்டுகிறவர்களுக்கு இரண்டும் ஒரே வண்டிதான்.