பீரோ ஏறாத மாடிப்படி

போன ஞாயிற்றுக்கிழமை என் மனைவி கோமதி மாடிப்படியில் வழுக்கிவிட்டாள். இடுப்பில் கைக்குழந்தை வேறு!

பயப்படாதீர்கள். இரண்டு பேரும் நலம். அதனால்தான் இந்த வாரப் பத்தியை எழுத என்னால் பேனாவைப் பிடிக்க முடிகிறது.

ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு மேலே ஒரு மாடி எடுத்திருக்கிறோம். படி வீட்டுக்கு வெளியே. ஒரு பக்கம் சுவர், இன்னொரு பக்கம் வெட்டவெளி. கீழே துவைக்கிற கல். அந்தத் திறந்த பக்கத்துக்குக் கைப்பிடி வைக்கிற எண்ணமே எனக்கு இல்லை. ஏன் தெரியுமா? படி குறுகல்; கைப்பிடி வைத்தால் பீரோ மேலே ஏறாது!

வேலை முடிந்ததும், கட்டடம் விதிப்படி இருக்கிறது என்ற சர்டிபிகேட் கேட்டு நகராட்சிக்கு எழுதினேன். பார்வையிட வந்தவர் ஒரு பெண் இன்ஜினீயர். டேப்பைக்கூட வெளியே எடுக்கவில்லை.

“கைப்பிடி எங்க சார்?”

“நாங்க ரெண்டே பேருதாம்மா. பாத்து எறங்கிக்கிடுவோம்.”

“விதியில ‘பாத்து எறங்கணும்’னு இல்ல சார். கைப்பிடி இருக்கணும்னுதான் இருக்கு.”

கையெழுத்துப் போடாமலே போய்விட்டார். எனக்குக் கோபம் — என் வீட்டுப் படியில் எனக்கு நடக்கத் தெரியாதா? வேண்டாவெறுப்பாக வெல்டரைக் கூப்பிட்டு, முழங்கால் உயரத்தில் ஒரே ஒரு கம்பி ஓட்டினேன். பீரோவை அதற்கு மேலே தூக்கிக்கொண்டு போய்விடலாம் அல்லவா?

மறுபடி வந்தார். கம்பியை ஒட்டி நின்று பார்த்தார்.

“இது விழாம தடுக்கிறதுக்கா சார், இல்ல தடுக்கி விழறதுக்கா?”

வெல்டரே சிரித்துவிட்டார்.

இடுப்பு உயரம் வேண்டும், குழந்தை நுழையாதபடி நடுவில் நெருக்கமாகக் கம்பி வேண்டும் என்று எழுதியே கொடுத்துவிட்டார். போட்டேன்; கையெழுத்தும் கிடைத்தது. பீரோவைக் கயிறு கட்டி வெளிப்பக்கமாக மேலே இழுத்தோம். இழுத்த நேரம் முழுக்க அந்த அம்மாவைத் திட்டிக்கொண்டேதான் இழுத்தேன்...

ஞாயிறன்று மாடியில் பால் காய்ச்சினோம். பாதிப் பேர் டி.வி. தொடர் முடிந்த பிறகுதான் வந்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கொழுந்தியாள் மல்லிகா பத்து மாதக் குழந்தையோடு வந்திருந்தாள். மேலே கூட்டம், புகை. குழந்தை வீறிட்டது.

“கொடுட்டி, கீழ கொண்டு போயி செத்த நேரம் காத்தாட வச்சிருக்கேன்” என்று கோமதி வாங்கிக்கொண்டாள். யாரோ குடம் சுமந்து போனதில் படியெல்லாம் ஈரம்.

நான் கீழே நின்றிருந்தேன். மேலிருந்து மூன்றாவது படியில் அவள் கால் போயிற்று. உடம்பு திறந்த பக்கமாகச் சாய்ந்தது. வலது கை கைப்பிடியை எட்டிப் பிடித்தது. இடுப்பு கம்பியில் மோதி, அப்படியே படியில் உட்கார்ந்தாள். இடது கை குழந்தையை விடவே இல்லை.

ஓடினேன்.

“எனக்கு ஒண்ணுமில்ல. மொதல்ல புள்ளயப் பாருங்க!”

“அத்தான், புள்ள... புள்ள?” மேலே இருந்து மல்லிகா.

பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு என் மூக்குக்கண்ணாடியை இழுத்துக்கொண்டிருந்தது. நான் துவைக்கிற கல்லைப் பார்த்தேன். அதே கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நானும் உட்கார்ந்தேன்.

விதி எழுதியவருக்குக் கோமதியைத் தெரியாது. எங்கேயோ ஒருத்தி, ஈரப்படியில், கையில் குழந்தையோடு இறங்குவாள் என்று மட்டும் அவருக்குத் தோன்றியிருக்கிறது. கூடவே குடித்தனம் நடத்துகிற எனக்கு அது தோன்றவில்லையே!

திங்கட்கிழமை நகராட்சிக்குப் போய் நன்றி சொன்னேன். இன்ஜினீயர் பேனாவைக் கீழே வைத்தார். “கொழந்த நல்லா இருக்குல்ல?” — இரண்டு முறை கேட்டார். அப்புறம்தான் சிரித்தார்.

“சரி சார், மொட்டைமாடித் தொட்டிக்கு எப்படி ஏறுறீங்க?”

“பின்பக்கம் சின்னப் படி ஒண்ணு... பொறவு கட்டினது...”

“அதுக்குக் கைப்பிடி?”

இன்று காலையிலிருந்து வீட்டுப் பின்பக்கம் ஒரே வெல்டிங் சத்தம். இந்தப் பக்கத்தில் எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்!