ஹாஜியார் தந்த கோட்

மாத்தளையில் ஒரு ஹாஜியார், மாணிக்கக்கல் வியாபாரி. பேருவளைக் கல் சந்தைக்குப் போகும்போது தன் காரை ஓட்ட என்னைக் கூப்பிடுவார். போனில் சந்தை என்ற பேச்சே வராது. "தம்பி, நாளைக்குக் கலியாணம் ஒண்டு" என்பார், அவ்வளவுதான். ஒரு நாள் கண்டி வழி, இன்னொரு நாள் கலேவெல சுற்றிக் குருநாகல் வழி. தேத்தண்ணிக்குக்கூட நிறுத்தக் கூடாது.

வாயைக் கட்டிப்போட என்னால் முடியும், கண்ணை என்ன செய்வது? லக்கலைப் பக்கம் தோண்டிய நீலக்கல் காருக்குள் எங்கோ இருக்கிறது. எங்கே? கண்ணாடியில் அவரையே நோட்டம் விடுவேன். பையைச் சீட்டில் எறிந்துவிட்டுக் குறட்டை விடுவார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிவார். காலிலிருந்து கழற்றிய சப்பாத்தும் கீழே கிடக்கும்.

"ஒங்களுக்கு எதுக்குங்க அந்த ஆராய்ச்சி? ஓட்டிட்டு வாங்க" என்பாள் மனைவி. அந்தக் கூலியில்தான் மகள் டியூஷனுக்குப் போனாள்.

எனக்கு ஒரு கறுப்புக் கோட்டும் உண்டு. காலையில் ஹாஜியார் வீட்டில் போட்டுக்கொண்டு, சந்தையில் கழற்றிக் கொடுக்க வேண்டும். "பெரிய கார் டிரைவர் கோட்டோட இருக்கணும்" என்பார். எனக்கும் அதில் கொஞ்சம் மிதப்புத்தான்.

ஒருமுறை சந்தையில், அவர் நுழைந்த கடையின் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தேன். ஹாஜியார் அந்தக் கோட்டின் உள்தையலைக் கத்தரியால் பிரித்து, நீலக்கல்லை வெளியே எடுத்தார்.

என் நெஞ்சில் வைத்துக்கொண்டா இத்தனை நாளும் தேடினேன்! கோபமும் வந்தது. திருடன் வந்திருந்தால் என் கதி?

திரும்பும்போது கேட்டே விட்டேன். "தெரிஞ்சிருந்தா இப்பிடிச் சும்மா பாட்டுப் பாடிட்டு ஓட்டியிருப்பீங்களா?" என்றார், சிரித்தபடி.

அடுத்த பயணத்தில் தெரிந்தே அந்தக் கோட்டைப் போட்டேன். கடுகண்ணாவையில் பொலிஸ்காரர் காரை மறித்து லைசன்ஸ் கேட்டார். வலது கையால் நீட்டினேன். இடது கை தானாகப் போய் நெஞ்சைப் பொத்திக்கொண்டது. நெஞ்சு வலியா என்று அவர் சிங்களத்தில் அக்கறையாக விசாரித்தார். இல்லை என்றேன், கையை எடுக்கவில்லை.

கார் நகர்ந்ததும், "திருப்புங்க தம்பி, ஊருக்கே போவம்" என்றார் ஹாஜியார்.

வீட்டு வாசலில் கோட்டை அவரே கழற்றி எடுத்தார். "ஒங்கள நம்புறேன். ஒங்கட கைய நம்ப ஏலாது."

பிறகு அவர் கூப்பிடவில்லை. மகளை டியூஷனிலிருந்து நிறுத்தியபோது, ஏன் அப்பா என்று கேட்டாள். என் இடது கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.